நதேஷ்தே என்கிற சுக்கான்கீரை

எனக்கு லத்தீன் தெரியாது. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. பல்கேரியாவின் தலைநகர் ஸோஃபியாவில் ஒரு தாவரவியல் நிறுவனத்தில் ஜீப் ஓட்டினேன், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு சுக்கான்கீரைக்கு அதன் லத்தீன் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் படித்தவர்களைவிட நான் சரியாகச் சொல்வேன். அந்தப் பெயர் வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை.

பென்காவை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக ஆரம்பித்தது எண்பதாம் வருஷம். அவளுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. ஒல்லி. கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சாப்பிடும்போதும் கழற்றமாட்டாள், சூப்பில் விழுந்து அதைத் துடைத்துக்கொண்டிருப்பாள். சுக்கான்கீரைகள்தான் அவளுடைய ஆராய்ச்சி.

"ஆர்க்கிட்டு, லில்லி எல்லாம் பெரியவங்க எடுத்துக்கிட்டாங்க மெத்தோதி அண்ணே. மிச்சம் கெடந்தது இந்தப் புளிச்ச கீரைதான்," என்பாள். சொல்லும்போது குறைப்பட்டுக்கொள்வதுபோல இருக்கும். ஆனால் சரிவில் ஒரு சுக்கானைக் கண்டுவிட்டால் வண்டி நிற்பதற்குள் குதித்துவிடுவாள்.

கிழக்கு ரோடோப்பி மலையில் தாஷ்டெரே என்று ஓர் ஊர். ஐம்பது வீடு. எல்லாரும் தலைமுறைகளாக இங்கேயே இருக்கிற துருக்கிக்காரர்கள், எல்லாருக்கும் புகையிலைச் சாகுபடிதான். வரைபடத்தில் அந்த ஊருக்குக் காமென்தோல் என்று பெயர் போட்டிருக்கும். என் தாத்தா காலத்திலேயே அரசாங்கம் ஊர்ப்பெயர்களை மாற்றிவிட்டது. புதுப்பெயர் தபால்காரனுக்கும் எங்களுக்கும். அங்கிருப்பவர்கள் பழைய பெயரையே சொன்னார்கள். ஊருக்கு மேலே ஒரு பாறைச்சரிவு, பாம்புத்தோல்போலப் பச்சையும் கறுப்புமாக மினுங்கும். அந்தக் கல்லில் புல்கூட மனமில்லாமல்தான் முளைக்கும்.

எண்பத்திரண்டு மே மாதம். பென்கா சரிவில் முட்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். நான் பாறையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். பூப்போட்ட தொளதொள சல்வார், முந்தானையை மடித்துக் கட்டியதுபோல ஒரு ஏப்ரன், அது நிறையக் கீரை. கையில் சின்ன அரிவாள். பென்காவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"என்ன புள்ள, எதையாச்சும் தொலைச்சிட்டியா?"

"இல்லக்கா, கீரை பாக்கறேன்."

"பாக்கவா? கீரையப் பாத்தா வயிறு ரொம்பிடுமா?"

பென்கா சிரித்தாள். தன் செடி அமுக்கும் பலகைக்கட்டைத் திறந்து, செய்தித்தாள்களுக்கு நடுவில் அமுக்கி வைத்திருந்த செடிகளைக் காட்டினாள். வந்தவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள்.

"ஆட்டுக்குப் போட்டா பாலாவது கறக்கலாம். காயிதத்துல வச்சு அமுக்கி என்னத்தக் கறக்கப்போறே?" என்றவள், சட்டென்று ஒரு தாளில் விரலை வைத்தாள். "இதெதுக்கு இதோட சேத்து வச்சிருக்கே? இது வேற, அது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. வீட்டுச் சுக்கான். இது கல்லுல வளந்ததால மெலிஞ்சுபோச்சு."

"மெலிஞ்சா போச்சு? ரெண்டையும் மென்னு பாரு."

இருவருக்கும் ஆளுக்கொரு இலை கொடுத்தாள். வீட்டுச் சுக்கான் நாக்கில் பட்டவுடனே புளித்தது. பாறைச்சுக்கான் வெறும் இலைபோல இருந்தது. விழுங்கின பிறகு தொண்டையில் ஏறிய புளிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மெதுவா கோவம் வர்ற ஆளு மாதிரி," என்றாள் அவள், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "வெதையையும் பாரு. வீட்டுதுல மூணு செறகு இருக்கும், ஒரு செறகுலதான் மணி. இதுல மூணுலயும் மணி. எங்க ஊருப் புள்ளைங்களுக்கே தெரியும். நீ பட்டணத்துல படிச்சவ."

பென்கா பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இரண்டு வருஷமாக அந்தச் செடியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

கீரை பறிக்க வந்தவள் பெயர் நாஸிஃபே. புருஷன் ரஸிம். அதற்கப்புறம் வசந்தமும் இலையுதிர்காலமும் நாங்கள் தங்குவது அவர்கள் வீட்டில்தான். பாறைச்சுக்கானை அரிசியோடு வேகவைத்துத் தயிர் ஊற்றிக் கொடுப்பாள். பென்கா விதை கொண்டுபோய் நிறுவனத் தோட்டத்தில் நல்ல கறுப்புமண்ணில் போட்டாள். ஒரு பாத்தியில் இது, பக்கத்துப் பாத்தியில் வீட்டுச் சுக்கான். இரண்டு வருஷம் முளைத்து, பூத்து, காய்த்தது. நல்ல மண்ணிலும் அது மாறவில்லை. மூன்று சிறகிலும் மணி வைத்துக்கொண்டு அதுபாட்டுக்கு அதுவாக நின்றது. உலகத்தில் யாரும் எழுதிவைக்காத புது இனம். நிறுவனமே திரண்டுவந்து பாத்தியைப் பார்த்தது.

எண்பத்துநாலு செப்டம்பரில் தாஷ்டெரே போனோம். கொட்டகையில் எல்லாரும் உலர்த்துவதற்காகப் புகையிலை கோத்துக்கொண்டிருந்தார்கள். பென்காவும் ஒரு நீள ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கீரைக்குப் பேர் வச்சாச்சு. உங்க பேருதான்."

நாஸிஃபேயின் ஊசி நின்றது. "என் பேரா? எதுக்குடி?"

"நீங்கதானே காட்டினீங்க? ரூமெக்ஸ் நாஸிஃபியே. ரூமெக்ஸ்னா ஈட்டி. சுக்கான் இலையோட முனை அப்படி இருக்கறதால பழைய ஆளுங்க வச்சது. நாஸிஃபியேன்னா நாஸிஃபேயோடதுன்னு அர்த்தம்."

ரஸிம் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "நாஸிஃபேயோட ஈட்டி! பதினெட்டு வருஷமா அதுலதான் குத்துப்படறேன் தங்கச்சி. புளிப்புக்கும் சரி, குத்தலுக்கும் சரி, பொருத்தமாத்தான் வச்சிருக்கே."

"நீ சும்மா கெட," என்றாள் நாஸிஃபே. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். "நாஸிஃபேன்னா சுத்தமானவன்னு அர்த்தம். எங்கம்மா வச்சது. ஏ பென்கா, நாளைக்கு வேற எவனாச்சும் வந்து இது நல்லால்லன்னு மாத்திட்டான்னா?"

"மாத்த முடியாதுக்கா. ஒரு தடவை அச்சுல வந்துட்டா அவ்வளவுதான். உலகம் பூரா ஒத்துக்கிட்ட சட்டம் அது. பிடிக்கலன்னு மாத்தக்கூடாது. வச்சவளே நெனச்சாலும் மாத்த முடியாது."

"மந்திரி சொன்னா?"

"மந்திரி சொன்னாலும்."

"அடேங்கப்பா," என்றாள் நாஸிஃபே. "ஊர்ப்பேர மாத்தலாம், கீரைப்பேர மாத்தக்கூடாது. நல்ல சட்டம்!"

கொட்டகையே சிரித்தது. கட்டுரையில் போடவேண்டும் என்று பென்கா கேட்டதால், நாஸிஃபே அந்தச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். பென்காவின் கேமராவில் படம் எடுத்தது நான்தான். தலைக்குட்டையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "சிரிக்கவா, வேணாமா?" என்று கேட்டாள். "சிரிங்க," என்றேன்.

அந்த டிசம்பர் கடைசியில் தாஷ்டெரே இருக்கிற கர்ஜாலி மாவட்டத்திலிருந்து சேதிகள் வர ஆரம்பித்தன. பத்திரிகையில் ஒன்றுமில்லை. லாரி ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள். விடிகிற நேரத்தில் போலீஸும் பட்டாளமும் ஊரைச் சுற்றி நிற்கிறது, ஊராட்சி அலுவலகத்தில் மேஜை போட்டு ஒரு பட்டியலை வைத்திருக்கிறார்கள், துருக்கிப் பெயர் உள்ளவர்கள் அதிலிருந்து ஒரு பல்கேரியப் பெயரைப் பொறுக்கிக் கையெழுத்துப் போடவேண்டும், மாட்டேன் என்றவனை நாய் வைத்துத் தேடுகிறார்கள் என்று. செத்துப்போன தகப்பன் பெயரையும் பதிவேட்டில் மாற்றுகிறார்கள் என்றார்கள். நான் முதலில் நம்பவில்லை. உயிரோடிருப்பவனை மிரட்டலாம், செத்தவனை எதற்கு மிரட்ட?

ஜனவரி இரண்டாவது வாரம் பென்கா என்னிடம் வந்தாள். "அண்ணே, தாஷ்டெரே போகணும்."

"இந்தப் பனியிலயா?"

"போகணும்."

போனோம். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் சாலையில் குறுக்கே ஒரு மரக்கட்டை. நாயோடு ஒரு போலீஸ்காரன் வந்து எங்கள் தாளை வாங்கிப் பார்த்தான்.

"தாவரவியலா? ஜனவரில என்ன செடி?"

"ஒரு வீட்டுல சாமான் விட்டுட்டுப் போயிட்டோம்," என்றாள் பென்கா.

"அந்த ஊர்ல இன்னிக்கு யாருக்கும் விருந்தாளியப் பாக்க நேரமில்ல. பேர் எழுதிட்டிருக்காங்க. திரும்பிப் போங்க."

வளைவிலிருந்து பார்த்தால் கீழே ஊராட்சி அலுவலகம் தெரியும். பனியில் ஒரு நீள வரிசை நின்றது. அத்தனை தொலைவிலிருந்து யார் யாரென்று தெரியவில்லை. தலைக்குட்டைகள் தெரிந்தன. நான் வண்டியைத் திருப்பினேன்.

கட்டுரை வரவேண்டிய ஆய்விதழின் பதிப்பாசிரியர் எங்கள் கட்டடத்திலேயே இருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் இடம் வாங்கித் தந்தவர். ஒரு வாரம் கழித்து அவர் பென்காவைக் கூப்பிட்டார். நான் செடிப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

"நாஸிஃபேன்னு இந்த நாட்டுல இப்ப யாரும் இல்ல பென்கா. இல்லாத ஆளுக்கு நாம எப்படி மரியாதை பண்றது?"

"இருக்காங்க. எனக்குத் தெரியும்."

"நீ சொல்ற ஆளு இருக்காங்க. பேரு நதேஷ்தா. நான் விசாரிச்சிட்டேன். அழகான பேரு. நம்பிக்கைன்னு அர்த்தம். கீரையும் அதேதான், ஆளும் அதேதான். ரெண்டு எழுத்து மாத்தினா முடிஞ்சுது."

"கட்டுரையே வேணாம். திருப்பிக் குடுங்க."

"வாங்கிக்கோ. அப்புறம் எதுக்கு வாங்கினேன்னு கேப்பாங்க. கேக்கறது நானா இருக்கமாட்டேன்."

மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். அந்த மூன்று நாளும் அவள் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவிடும்போது அச்சுப்படியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க அண்ணே?"

நான் பதினோரு வருஷமாக அரசாங்க வீட்டுக்குக் காத்திருந்தேன். இந்த விவகாரத்தில் அவள் மாட்டினால், கூடவே போன ஓட்டுநரையும் கேட்பார்கள். சாலைத்தடுப்பில் அந்தப் போலீஸ்காரன் என் பெயரையும் குறித்துவைத்திருந்தான். இதெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் தோன்றியது.

"ஒரு கீரைதானேம்மா," என்றேன். "போட்டுடுங்க. அந்த அக்காவுக்கு எங்க தெரியப்போகுது?"

என் பேனாவை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆய்விதழ் இலையுதிர்காலத்தில் வந்தது. ரூமெக்ஸ் நதேஷ்தே. கீழே ஒரு வரி, 'இச்செடியை முதலில் சுட்டிக்காட்டிய புகையிலைத் தொழிலாளி தோழர் நதேஷ்தா ரோஸெனோவாவின் பெயரால்.' ரஸிமை ரோஸென் ஆக்கியிருந்தார்கள். நான் எடுத்த படமும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வாழ்த்துக் கடிதங்கள் வந்தன. ஹங்கேரிக்காரர் ஒருவர், நம்பிக்கையின் சுக்கான் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, எத்தனை கவித்துவம் என்று எழுதியிருந்தார். பென்கா அதை வாசித்துக் காட்டிவிட்டு மேஜை இழுப்பில் போட்டு மூடினாள். அதற்கப்புறம் அவள் ரோடோப்பிப் பக்கமே வரவில்லை. டான்யூப் கரைச் சதுப்புகளில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். கொசுக்கடியில் தலையிலிருந்து கால்வரை தடித்துப்போய் நிற்பாள். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டாள்.

எண்பத்தாறு ஏப்ரலில், பாசி ஆராய்ச்சி செய்கிற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நான் தாஷ்டெரே வழியாகப் போனேன். தண்ணீர் பிடிக்க ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே நிறுத்தினேன். அங்கே அறிவிப்புப் பலகையில், கண்ணாடிக்குப் பின்னால், மாவட்டப் பத்திரிகையின் ஒரு பக்கம் குத்தியிருந்தது. நான் எடுத்த படம். செடியைப் பிடித்துக்கொண்டு நாஸிஃபே சிரிக்கிறாள். மேலே கொட்டை எழுத்தில், 'புதிய பெயர், புதிய பெருமை'. கீழே அவள் சொன்னதாக நாலு வரி. தன் பல்கேரிய வேரைத் தானாகவே விரும்பித் திரும்பப் பெற்றாளாம். தாய்நாடு அதற்கு ஒரு செடியையே பரிசாகக் கொடுத்துவிட்டதாம். அந்த மாதிரிச் சொற்களை அவள் வாயால் சொல்லியிருக்கமாட்டாள் என்பது அவளோடு ஒரு வேளை சாப்பிட்டவனுக்கும் தெரியும்.

திரும்பினேன். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நாஸிஃபே மண்வெட்டியோடு நின்றிருந்தாள். சல்வார் இல்லை. அதற்குத் தடை போட்டிருந்தார்கள். யாரோ கொடுத்த பழைய பாவாடை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேனா என்றுகூட ஞாபகமில்லை. வண்டியில் ஏறிக் கிளப்பிவிட்டேன். பென்காவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். உண்மையில், சொன்னால் அவள் என்னைத்தான் முதலில் பார்ப்பாள் என்று பயந்தேன்.

எண்பத்தொன்பது கோடையில் எல்லையைத் திறந்தார்கள். கூரையில் மெத்தையும் குளிர்பெட்டியும் கட்டிய கார்கள் துருக்கியை நோக்கி நாள்கணக்கில் ஊர்ந்தன. ஹாஸ்கோவோவுக்குப் பக்கத்தில் அந்த வரிசைக்கு எதிராக நாங்கள் போக நேர்ந்தது. பென்கா கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு காருக்குள்ளும் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிக் கார்வரை பார்த்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி போயிற்று. அடுத்த மார்ச்சில், விரும்பியவர்கள் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். ஊரெல்லாம் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டார்கள். பென்கா அன்று இரவே உட்கார்ந்து வெளிநாட்டில் இருக்கிற பெயர்க்குழுவுக்குக் கடிதம் எழுதினாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, செடியின் பெயரை மாற்றக் கேட்டாள்.

பதில் வர ஒரு வருஷம் ஆயிற்று. மரியாதையான கடிதம். வருந்துகிறோம், முறைப்படி வெளியான பெயரை, அது பொருத்தமில்லை, மனத்தை நோகடிக்கிறது என்பதற்காகக் கைவிட விதியில் இடமில்லை, அச்சுப்பிழையாக இருந்தால் மட்டும் திருத்தலாம், தங்கள் விஷயத்தில் அது அச்சுப்பிழையா?

"ஆமான்னு எழுதிடுங்களேன்," என்றேன் நான்.

"கீழே அந்த வரி இருக்கே அண்ணே. தோழர் நதேஷ்தா. ஒரு முழு வரியும் அச்சுப்பிழையாகுமா?"

இன்னொரு வழி இருந்தது. அது தனி இனமே இல்லை, வீட்டுச் சுக்கானின் ஒரு நோஞ்சான் வகைதான் என்று யாராவது எழுதி நிரூபித்துவிட்டால், நதேஷ்தே என்ற பெயர் செத்துவிடும். செடி வீட்டுச் சுக்கானின் பெயருக்குள் போய்விடும். வீட்டுச் சுக்கானுக்கு லத்தீனில் பொறுமை என்று பொருள்படும் பெயர். அதுவும், சுக்கானை எங்கள் ஊரில் லாபாத் என்கிறோமே, அதைப் போன்ற ஒரு பழைய சொல்லை யாரோ காதில் தப்பாக வாங்கி உண்டானதுதான் என்று பென்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் அந்தக் கட்டுரையை எழுதினாள். தோட்டத்துப் பாத்திகளில் இரண்டு வருஷம் தன் கண்ணால் பார்த்ததற்கு நேர்மாறாக, பொய்க்கணக்கு போட்டு எழுதினாள். அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது அந்த ஒரு செடிதான். அதை அவளே அழிக்க உட்கார்ந்தாள்.

"அனுப்பறதுக்கு முன்னால அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும்," என்றாள்.

நாஸிஃபேயும் ரஸிமும் துருக்கிக்குப் போய் பூர்ஸாவில் எட்டு மாதம் ரஸிமின் அண்ணன் வீட்டு ஒற்றை அறையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தோம். தொண்ணூற்றிரண்டு மே மாதம் போனோம். கொட்டகையின் பாதி இடிந்திருந்தது. நாஸிஃபே வாசலில் நாற்று பிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்குட்டைக்கு வெளியே தெரிந்த முடி வெளுத்திருந்தது. எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. ரஸிம் எங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

பென்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. நான் போடச் சொன்னேன் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

நாஸிஃபே கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலாய் மடித்த பத்திரிகைத் துண்டோடு வந்தாள்.

"இதப் பாத்திருக்கியா?"

பென்கா வாங்கிப் படித்தாள். "சத்தியமா இல்லக்கா. இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ரெண்டு மாசம் பலகையில தொங்குச்சு. இந்த ஊர்ல கையெழுத்துப் போடமாட்டேன்னு காட்டுல போய்க் கெடந்தவங்க இருக்காங்க. கால் வெரலு பனியில அழுகி வெட்டி எடுத்தவங்க இருக்காங்க. அவங்க எல்லாரும் இதப் படிச்சாங்க. நாஸிஃபே பேர வித்துட்டா, கூலிக்கு ஒரு கீரைய வாங்கிட்டான்னு பேசினாங்க. பொகையில கோக்க ஒருத்தி வரல. எங்கம்மா செத்தப்போ குளிப்பாட்ட நாலு பொம்பளைங்க வேணும். நான் ஒருத்திதான். எங்கம்மாவத் திருப்பிப் போடக்கூடக் கை இல்ல எனக்கு. பூர்ஸா போனா அங்கயும் நம்ம ஊர்க்காரங்கதானே? அங்கயும் 'கீரைக்காரி வந்துட்டா'ன்னாங்க."

பென்கா பத்திரிகையை மடித்தாள். "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"மெத்தோதி அண்ணனுக்குத் தெரியுமே. பலகைக்கு முன்னால நின்னு படிச்சாரு. நான் எதிர்ல நின்னேன்."

பென்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த நாற்றுகளைப் பார்த்தேன்.

பிறகு பென்கா பையிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்தாள். "ஒரு வழி இருக்குக்கா. அப்படி ஒரு கீரை தனியா இல்லவே இல்ல, எல்லாம் வீட்டுச் சுக்கான்தான்னு எழுதிடறேன். எழுதிட்டா அந்தப் பேரு செத்துடும்."

"தனியா இல்லியா?"

"இருக்கு. இல்லன்னு எழுதலாம்."

நாஸிஃபே அவளை உற்றுப் பார்த்தாள். கோபமாகக்கூடத் தெரியவில்லை. ரொம்பக் களைத்துப்போனவள் பார்க்கிற பார்வை.

"இதத்தானே எங்களப் பத்தியும் எழுதினாங்க? துருக்கின்னு இந்த நாட்டுல தனியா ஒருத்தனும் இல்ல, எல்லாரும் பல்கேரியந்தான், நடுவுல பேரு மாறிப்போச்சுன்னு. படிச்சவங்கதான் எழுதினாங்க. புஸ்தகமா போட்டுக் கையில குடுத்தாங்க. அதையே நீயும் எழுதறேங்கறே."

"அக்கா, நான் உங்களுக்காகத்தான்..."

"எனக்காக ஒரு தடவை எழுதினே, போதும். அந்தக் கீரை உனக்கு என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு மேல பாறையில கெடக்கு. எந்தப் பேரையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கோ. இல்லன்னு மட்டும் எழுதாத."

"என்னை மன்னிச்சுடுங்க."

"நாத்து வாடுது. நான் வேலையப் பாக்கணும்."

குனிந்து நாற்றைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பென்கா இன்னும் சிறிது நேரம் நின்றாள். பிறகு வந்து வண்டியில் ஏறினாள்.

கர்ஜாலிக்கு வந்தோம். பேருந்து நிலையம் தெரிந்ததும், "நிறுத்துங்க," என்றாள்.

"இங்கயா?"

"சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன் அண்ணே."

"வந்து என்னம்மா பண்ணியிருப்பீங்க? அந்தக் காலத்துல என்ன பண்ணியிருக்க முடியும்?"

"அவங்கம்மாவத் திருப்பிப் போட ஒரு கை புடிச்சிருப்பேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஸோஃபியாவுக்குப் பேருந்தில்தான் வந்தாள். அந்தக் கட்டுரையைக் கிழித்து அடுப்பில் போட்டதாக நிறுவனத்தைக் கூட்டுகிறவள் சொன்னாள். அதற்குப் பின் மூன்று வருஷம் நான்தான் அவளுக்கு வண்டி ஓட்டினேன். பின் இருக்கையில் உட்காருவாள். மெத்தோதி அண்ணே என்பது போய், ஓட்டுநரே என்று கூப்பிட்டாள். இடது பக்கம் திரும்புங்க, இங்கே நிறுத்துங்க, நன்றி. அவ்வளவுதான். பிறகு வேலையை விட்டுவிட்டு வார்னாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாஸிஃபேயும் ரஸிமும் தொண்ணூற்றுநாலில் மறுபடியும் துருக்கிக்குப் போனார்கள். இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

எனக்குக் கண் மங்கியதும் ஜீப்பை வாங்கிக்கொண்டு நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் காவலாளியாகப் போட்டார்கள். எங்கள் நாட்டில் மட்டும் வளரும் செடிகள் என்று ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். ஏழாவது பலகையில் பாறைச்சுக்கான். காய்ந்த செடி, பக்கத்தில் பழைய படம் பெரிதாக்கி ஒட்டியிருந்தது. அடியில் எழுதியிருந்தது: 'ரூமெக்ஸ் நதேஷ்தே. நம்பிக்கையின் ஈட்டி.'

ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். போகும்போது என்னிடம் வந்தாள்.

"எவ்வளவு நல்ல பேர் வச்சிருக்காங்க இல்ல? படத்துல சிரிக்கறாங்களே, இவங்கதான் நதேஷ்தாவா? உங்களுக்கு இவங்களைப் பத்தி ஏதாவது தெரியுமா தாத்தா?"

வாய்வரை வந்தது. அவள் பேனாவைத் திறந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் காவலுக்கு இருக்கறவன்," என்றேன். "அஞ்சு மணிக்குச் சாத்திடுவோம். மத்ததையும் பாத்துடுங்க."